பின் வரிசைக்கு இரண்டு அங்குலம்

மலிவு விமானத்தில் உயர்ந்த வகுப்பு என்று ஒன்று இருக்கிறது என்று இங்கே ஜெயங்கொண்டத்தில் சொன்னால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். "கையேந்தி பவன்ல ஏசி ரூமா சார்?" என்று கேட்டார் என்னோடு பென்ஷன் வாங்கும் நண்பர். மீதிப் பேர் சிரிப்பதில்லை. தணிந்த குரலில், "எவ்வளவு ஆகும்? வாங்கலாமா? முழங்கால் தாங்க மாட்டேங்குது" என்கிறார்கள். இந்த இரண்டாவது கூட்டத்துக்காகத்தான் எழுதுகிறேன்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுபதைத் தாண்டியவர்கள், கையில் காசு இருந்தாலோ பிள்ளைகள் கொடுத்தாலோ, இரவு முழுக்கப் போகிற பயணத்துக்கு அதை வாங்கலாம். கூச்சப்பட வேண்டியதில்லை. ஆனால் முன்னால் அகலமான இருக்கை விற்கிறவர்களும், அவர்களுக்கு உரிமம் கொடுக்கிற அரசாங்கமும் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடாதீர்கள்.

மலிவு விமானம் என்றால் நமக்கு நினைவு வருவது கேப்டன் கோபிநாத். 2003ல் ஏர் டெக்கான் தொடங்கியவர். ஒரு ரூபாய் டிக்கெட் என்று ஊரெல்லாம் பேச வைத்தவர். 'சூரரைப் போற்று' படம் அவர் கதையைத் தழுவித்தான் எடுத்தார்கள். அவருடைய விமானத்தில் வகுப்பு கிடையாது. இருக்கை எண் கூடக் கிடையாது. முதலில் ஏறியவர் பிடித்த இடம், நம் டவுன் பஸ் மாதிரி. ஜன்னல் வழியாகத் துண்டு போட முடியாது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

அவருக்குப் பின்னால் 2006 ஆகஸ்டில் பறக்கத் தொடங்கிய இண்டிகோவும் பதினெட்டு வருஷம் ஒரே வகுப்போடுதான் ஓடியது. 2024 நவம்பரில் டெல்லி-மும்பை தடத்தில் முதல் மூன்று வரிசையில், இந்தப் பக்கம் இரண்டு அந்தப் பக்கம் இரண்டு என்று பன்னிரண்டு அகல இருக்கைகள் போட்டார்கள். 'ஸ்ட்ரெட்ச்' என்று பெயர். காலை நீட்டுவது என்று அர்த்தம், பெயரில் பொய் இல்லை. ஆரம்பக் கட்டணம் 18,018 ரூபாய் என்று அறிவித்தார்கள். 2025 ஜூலையில் மும்பையிலிருந்து மான்செஸ்டருக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் குத்தகைக்கு எடுத்த போயிங் 787ல் போகத் தொடங்கினார்கள். அதில் அந்த மாதிரி இருக்கை 56. கோலாலம்பூர்க்காரர்களின் ஏர்ஏஷியா எக்ஸில் படுக்கையாகவே விரிகிற இருக்கை பன்னிரண்டு உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பிள்ளையான ஸ்கூட்டில் இது ரொம்ப நாளாகவே இருக்கிறது. முன்பு ஸ்கூட்பிஸ், இப்போது ஸ்கூட்பிளஸ். நானும் என் மனைவியும் போனது அதில்.

நாங்கள் போனது மெல்போர்னுக்கு, சின்ன மகள் வீட்டுக்கு. திருச்சியிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து இன்னொரு விமானம். டிக்கெட் போட்டது மகள். திருச்சி விமானம் சின்னது, அதில் எல்லோருக்கும் ஒரே வகுப்புதான். சிங்கப்பூரிலிருந்து ராத்திரி கிளம்பி ஏறத்தாழ ஏழரை மணி நேரம் போகிற பெரிய விமானத்தில் எங்கள் இருவருக்கும் முன்பகுதியில் இடம் போட்டிருந்தாள். எவ்வளவு என்று கேட்டேன். "அது எதுக்குப்பா உங்களுக்கு?" என்றாள். நாற்பது வருஷம் அடுத்தவர் பயணப்படி பில்லைச் சரிபார்த்தவனிடம் இப்படி ஒரு பதில்.

அவள் அப்படிச் செய்ததற்குக் காரணம் இருந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் வளைகுடாவில் இருக்கும் மகனைப் பார்க்க இரவு விமானத்தில் போனோம். எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. எல்லாக் கம்பெனியின் பின் வரிசையும் அண்ணன் தம்பிதான். இறங்கும்போது என் மனைவிக்கு இரண்டு காலும் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. வெறுங்காலோடு, செருப்பைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, அந்தப் பளிங்குத் தரையில் நடந்து வந்தாள். வீக்கம் வடிய மூன்று நாள் ஆனது. மகன் அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அவன் "வாங்க" என்று கூப்பிட்டாலும் அவள், "நீ வாடா" என்றுதான் சொல்வாள். இந்த விஷயத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது காசு இல்லை, இதுதான். பத்து அங்குலத் துணி போதாமல் சட்டை தைக்காமல் விடுவது போல, சில அங்குல இடம் போதாமல் எத்தனையோ பெற்றோர் பேரப்பிள்ளைகளைப் போனில் பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள்.

சரி, அங்குலக் கணக்கைப் பார்ப்போம். ஸ்கூட்டின் 787 விமானத்தில் பின்பகுதியில் ஓர் இருக்கைக்கும் அடுத்த இருக்கைக்கும் நடுவே 31 அங்குலம். முன்பகுதியில் 38. இருக்கையின் அகலம் பின்னால் 18, முன்னால் 22. அதாவது நீளத்தில் ஏழு, அகலத்தில் நாலு. ஏழு அங்குலம் என்பது ஒரு சாண் கூட இல்லை. அந்த ஒரு சாணுக்குக் குறைந்த இடத்துக்குத்தான் அவ்வளவு பணம். கூடவே சூடான சாப்பாடு, 30 கிலோ பெட்டி, முன்னால் ஏறும் சலுகை. இதில் சாப்பாட்டுக்காக யாரும் வாங்காதீர்கள். நடு ராத்திரியில் நம் வயசில் என்ன பெரிய சாப்பாடு? பெரிய விமானக் கம்பெனிகளின் பிஸினஸ் கிளாஸ் என்று நினைத்தும் வாங்காதீர்கள். இருக்கை படுக்கையாகாது, சாய்ந்துகொள்ளலாம், அவ்வளவுதான். சைக்கிளுக்கும் காருக்கும் நடுவில் மொபெட் இருந்ததில்லையா, அதுபோல.

ஆனால் அந்த மொபெட் எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. மனைவி தன் கைத்தறிப் போர்வையைக் கொண்டுவந்திருந்தாள். காலை நீட்டி, போர்த்திக்கொண்டு, நாலு மணி நேரம் அசையாமல் தூங்கினாள். நான் நடுவில் இரண்டு தடவை எழுப்பி நடக்க வைத்தேன், திட்டிக்கொண்டே நடந்தாள். விடிந்ததும் முதல் வேலையாகக் கணுக்காலைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். குழி விழவில்லை. "பரவாயில்லீங்க" என்றாள். ஐம்பது வருஷத்துக்குப் பக்கத்தில் குடித்தனம் நடத்தியவனுக்குத் தெரியும், அவள் வாயிலிருந்து வருகிற பரவாயில்லை சாமானியமானதில்லை.

எழுப்பி நடக்க வைத்தேன் என்றேனே, அதற்கும் காரணம் உண்டு. காசு கொடுத்து முன்னால் உட்கார்ந்துவிட்டால் காலில் ரத்தம் கட்டாது என்று சிலர் நினைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் இதை ஆராய்ந்து 2007ல் அறிக்கை வெளியிட்டது. நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் ரத்தக் கட்டி வரும் அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. விமானம் மட்டும் இல்லை, ரயில், பஸ், கார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பயந்துவிடாதீர்கள், இரட்டிப்பானாலும் அது சுமார் ஆறாயிரத்தில் ஒருவருக்குத்தான். ஆனால் குற்றவாளி டிக்கெட் இல்லை, அசையாமல் இருப்பது. அகலமான இருக்கையில் ஒரே பக்கமாக ஆறு மணி நேரம் தூங்குகிறவரும் ஆபத்துக்கு உட்பட்டவர்தான். அதனால் நடைபாதை ஓரத்து இடம் வாங்குங்கள், தண்ணீர் குடியுங்கள், பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். ஏற்கெனவே ரத்தக் குழாய் சிக்கல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அகல இருக்கையின் உண்மையான லாபம் அடுத்தவரைத் தாண்டாமல் எழுந்து நடக்க முடிவதுதான்.

வாங்கலாமா என்ற கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். இனி அந்தக் கணக்கு விஷயம்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போன முதல் விமானத்தை நான் இன்னும் சொல்லவில்லை. அந்த ராத்திரி விமானத்தில் போகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். செந்துறை, உடையார்பாளையம், ஆண்டிமடம், பெரம்பலூர், புதுக்கோட்டை என்று எல்லாம் நம் பக்கத்துப் பிள்ளைகள். கட்டடம், கப்பல் பட்டறை, தொழிற்சாலை. வரிசையில் எங்கள் பக்கத்தில் உட்கார வேண்டியவன் திருமானூர்ப் பக்கத்துப் பையன், முப்பது வயது இருக்கும். ஓரத்து இடம் அவனுடையது. என் மனைவி காலைத் தூக்கி உள்ளே வைக்கச் சிரமப்படுவதைப் பார்த்தவன், "அம்மா, நீங்க ஓரத்துல உக்காருங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் ஒடுங்கிக்கொண்டான். ஆறடிக்குக் குறையாத உயரம். முழங்கால் இரண்டும் முன் இருக்கையில் முட்டிக்கொண்டு நின்றது. லீவு முடிந்து போகிறானாம். எப்போது வேலைக்குப் போக வேண்டும் என்று கேட்டேன். "இறங்கின அன்னிக்கு மதியம் ஷிப்ட் சார்" என்றான். நாலு மணி நேரமும் காலை நீட்டவில்லை. தூங்கவும் இல்லை, தலையைச் சாய்க்கிற மாதிரி செய்து செய்து நிமிர்ந்தான்.

அடுத்த விமானத்தில் முன்பகுதியில் காலை நீட்டியபோது எனக்கு அவன் முழங்கால்தான் கண்ணில் நின்றது. மெல்போர்னில் இறங்கி நான் செய்யப்போவது என்ன? பேரனோடு பார்க்கில் உட்காரப் போகிறேன். தூக்கம் விட்டுப்போனால் மதியம் தூங்கிக்கொள்வேன். அன்று மதியமே இரும்புக் கம்பியோடும் கிரேனோடும் வேலை செய்யப் போகிறவனுக்குத்தான் அந்தத் தூக்கம் தேவை. அது அவனுக்குக் கிடைக்கவில்லை. இருந்த கொஞ்ச வசதியையும் காசு வாங்காமல் எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனான்.

இதற்கு, 'அப்படியானால் வகுப்பே கூடாது' என்று சிலர் சொல்வார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. என் பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்களுக்கு அகர வரிசைக்கு முன்னாலேயே சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தார்கள். அதைச் சொல்லிக் கொடுத்த பிரான்ஸின் தலைநகரிலேயே, தரைக்கு அடியில் ஓடுகிற மெட்ரோ ரயிலில் 1991 வரைக்கும் முதல் வகுப்புப் பெட்டி இருந்தது. கப்பலிலும் அப்படித்தான். எங்கள் பெரியப்பா சைகோன் போன கதையைச் சொல்லும்போதெல்லாம், மேல்தட்டில் வெள்ளைக்காரர் சாப்பிட்ட சூப்பின் வாசனையைப் பற்றித்தான் அதிகம் சொல்வார். பிரெஞ்சுக் கம்பெனிக்காக 1966ல் வந்த 'பாஸ்தர்' என்ற கப்பலைத்தான் பிறகு நம் ஷிப்பிங் கார்ப்பரேஷன் வாங்கி 'சிதம்பரம்' என்று பெயர் வைத்து சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஓட்டியது. அதில் கொஞ்சப் பேருக்குத் தனி அறை, மற்ற எல்லோருக்கும் அடுக்குக் கட்டில். 1985ல் தீப்பிடிக்கும் வரை நம் பக்கத்து ஆட்கள் அந்த அடுக்குக் கட்டிலில் போய் வந்தவர்கள்தான். (இங்கே கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆட்சி செய்த ராஜேந்திரனின் படை கடாரம் போன கப்பலில் என்ன வகுப்பு என்று கேட்காதீர்கள். துடுப்புப் போட்டவன் நிச்சயம் முன் வரிசையில் இல்லை.)

அரசு அலுவலகமும் வேறு இல்லை. பயணப்படி விதியில் இன்ன சம்பளக்காரருக்கு இன்ன வகுப்பு என்று எழுதியிருக்கும். முதல் வகுப்புக் கட்டணம் போட்டு நான் தயாரித்த பில்கள் பல நூறு இருக்கும். பணிக்காலம் முழுக்க அந்த வகுப்பில் நான் ஏறியதில்லை. அதனால் ஒருவர் கூடுதல் காசு கொடுத்து முன்னால் உட்காருவது எனக்குக் குற்றமாகத் தெரியவில்லை. பதவியைக் காட்டி உட்காருவதைவிடக் காசு கொடுத்து உட்காருவது நேர்மையானது என்று கூடச் சொல்வேன். 2009ல் மத்திய அமைச்சராக இருந்த சசி தரூர் சாதாரண வகுப்பை மாட்டு வகுப்பு என்று எழுதி மாட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கும். எல்லோரும் அந்த வார்த்தைக்குக் கோபப்பட்டார்கள். அந்த இருக்கைக்கு ஒருவரும் கோபப்படவில்லை.

நான் கோபப்படுவது இருக்கைக்கு. பின் வரிசையில் இத்தனை அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று யார் பார்க்கிறார்கள்? விமானத்துக்குச் சான்றிதழ் கொடுக்கும்போது ஒரு சோதனை உண்டு: பாதிக் கதவுகளை மூடிவிட்டு, மற்ற கதவுகள் வழியாக எல்லோரும் 90 விநாடியில் வெளியேற முடிகிறதா? நல்ல சோதனைதான், உயிர் காக்கிற சோதனை. ஆனால் ஆறடி மனிதன் நாலு மணி நேரம் உள்ளே உட்கார முடிகிறதா என்று ஒரு சோதனை இல்லை. அமெரிக்காவில் 2018ல் நாடாளுமன்றமே சட்டம் போட்டு, குறைந்தபட்ச இடைவெளியை நிர்ணயம் செய்யுங்கள் என்று விமானத் துறைக்கு உத்தரவு கொடுத்தது. 2022ல் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். கருத்துகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. அதோடு கோப்பு தூங்குகிறது. கோப்பு தூங்குவதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

வரம்பு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பது சுலபமான கணக்கு. ஒரு விமானத்தின் நீளம் கூடாது. முன்னால் மூன்று வரிசைக்கு ஏழு அங்குலம் கூட்டினால், அந்த அங்குலம் எங்கிருந்தோ வர வேண்டும். ஒன்று, பின்னால் ஒரு வரிசையை எடுத்துவிட்டு அந்த நஷ்டத்தை முன்னால் இருப்பவரிடம் வாங்கலாம். அது நியாயம். அல்லது பின்னால் இருக்கிற ஒவ்வொரு வரிசையிலும் அரை அரை அங்குலம் சுரண்டலாம். அப்படிச் சுரண்டினால் இரண்டு லாபம்: முன்னால் இடமும் கிடைக்கும், பின்னால் வலி தாங்காதவர்கள் அடுத்த தடவை முன்னால் வாங்கவும் செய்வார்கள். வலியை விளம்பரமாக்குகிற வியாபாரம் அது. எந்தக் கம்பெனியும் அப்படிச் செய்கிறது என்று நான் சொல்லவில்லை. செய்தால் தடுக்க ஓர் அளவு வேண்டும் என்கிறேன்.

இதற்கு நம் நாட்டிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. ரயிலில் மூன்றாம் வகுப்பு என்ற பெயரை 1974ல் எடுத்தார்கள். பெயர் மாறியதே தவிரப் பலகை மாறவில்லை. மரப்பலகையில் இரவு முழுக்கப் படுத்து, காலையில் முதுகில் வரி வரியாக எழுந்தவர்கள் நாம். 1977ல் ஜனதா ஆட்சியில் மது தண்டவதே ரயில்வே அமைச்சரானார். முதல் வகுப்பின் மெத்தையைப் பிடுங்கவில்லை. இரண்டாம் வகுப்புப் படுக்கைப் பலகையில் இரண்டு அங்குலம் ஸ்பாஞ்ச் வைக்கச் சொன்னார். வகுப்பே இல்லாத கீதாஞ்சலி எக்ஸ்பிரஸ் என்ற ரயிலையும் அதே 1977 டிசம்பரில் பம்பாய்க்கும் ஹவுராவுக்கும் நடுவே விட்டார். அந்த ரயிலைப் பற்றி இப்போது அதிகம் பேர் பேசுவதில்லை. அந்த இரண்டு அங்குலத்தின் மேல் இன்றைக்கும் தினமும் லட்சக்கணக்கான முதுகுகள் படுத்திருக்கின்றன. அவருக்குப் பின்னால் வந்த எந்த அமைச்சரும் அதைத் திரும்ப எடுக்கத் துணியவில்லை.

விமானத்துக்கும் அதைத்தான் கேட்கிறேன். முன்னால் தங்கத்தில் கூட இருக்கை போடட்டும். நாலு மணி நேரத்துக்கு மேல் போகிற விமானத்திலும், நடு இரவில் பறக்கிற விமானத்திலும் பின் வரிசைக்கு ஒரு குறைந்தபட்ச அளவு வேண்டும். 28ம் 29மாக இருக்கிற இடத்தில் இரண்டு அங்குலம் கூடினால் போதும். ஒரு வரிசை, இரண்டு வரிசை குறையலாம். டிக்கெட்டில் சில நூறு ரூபாய் ஏறலாம். அதனால் விமானமே எட்டாமல் போய்விடுமே என்று கேட்பவர்கள் உண்டு, அது நல்ல கேள்விதான். திருமானூர்ப் பையன் மாதிரி ஆட்கள் ஒவ்வொரு ரூபாயையும் எண்ணித்தான் டிக்கெட் எடுக்கிறார்கள். ஆனால் பெட்டிக்கு, ஜன்னலுக்கு, தண்ணீர் பாட்டிலுக்கு என்று தனித்தனியாகக் காசு வாங்கும்போது எழாத கேள்வி, முழங்காலுக்கு இடம் கேட்கும்போது மட்டும் எழுவது எனக்கு விசித்திரமாக இருக்கிறது. டிக்கெட் விற்கும் இடத்தில் அங்குலத்தையும் கட்டணத்துக்குப் பக்கத்திலேயே போடச் சொல்லலாம். துணிக்கடையில் மீட்டர் பார்க்காமல் யார் வாங்குகிறோம்?

சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். பொருள், பார்வை, பத்தி எண் எல்லாம் போட்டு முறைப்படி. பார்வை 1 என்ற இடத்தில் தண்டவதேயின் ஸ்பாஞ்சைப் போட்டிருக்கிறேன், முன்னுதாரணம் இல்லாவிட்டால் கோப்பு நகராது என்பது தெரிந்ததால். ஆங்கிலத்தில் ஒரு பிரதி, தமிழில் ஒரு பிரதி. பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்களாம், திங்கட்கிழமை தபால் நிலையத்தில் கேட்க வேண்டும். கையெழுத்துப் போட விருப்பமுள்ள ஓய்வூதியர்கள் சனிக்கிழமை சாயந்திரத்துக்குள் வீட்டுக்கு வரவும். மனைவி முதல் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.